ஆரோக்கியவரத்துக் காற்று

அன்புள்ள பெண்ணே,

ரேணிகுண்டாவில் என்னை வண்டியேற்றிவிட்டபோது, கடைசி நிமிடத்தில் நீ ஒன்று சொன்னாய். வண்டி நகர்ந்துவிட்டது. பத்து நாளாக அது என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. "மருந்தே இல்லாத காலத்தில் ஆரோக்கியவரம் போய்த்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா பிழைத்தாராம். மதனப்பள்ளிக் காற்றுதான் மருந்து. அங்கே டாக்டருக்கு என்ன வேலை இருந்திருக்கும்?" என்றாய். பாட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். திருப்பதியில் மருத்துவம் படிக்கிற நீ சொல்லலாமா?

ஆரோக்கியவரம் இருக்கும் மதனப்பள்ளி ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரேணிகுண்டா வெயிலிலிருந்து பாகாலா வழியாக ரயிலேறிப் போனவருக்கு உடம்பு குளிர்ந்திருக்கும், பசித்திருக்கும், தூக்கம் வந்திருக்கும். ஆனால் நுரையீரலில் குழி பறித்து உட்கார்ந்திருக்கும் காசநோய்க் கிருமி மலைக்காற்றுக்குச் சாகாது.

பல மிஷன்கள் கூடி 1915இல் அமைத்த ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தை வளர்த்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமட்-மோலர். நீ சொன்ன காற்றை அந்தக் காலத்து நுரையீரல் மருத்துவர்கள் ஊசி வழியாக ஏற்றினார்கள். விலாவுக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்றைச் செலுத்தினால் புண்பட்ட நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும். சில நாளில் அந்தக் காற்று கரைந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். இப்படியே வருஷக்கணக்கில். அதுவும் போதாதவர்களுக்கு விலா எலும்புகளையே வெட்டியெடுத்து மார்பை ஒடுங்கச் செய்தார்கள். இதையெல்லாம் செய்தது காற்றா?

ஆனால் ஃப்ரிமட்-மோலரை நான் மதிப்பது இதற்காக அல்ல. 1940இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்'டில் பார்ட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக. அதில் விவரித்த நோயாளிகளுக்கு இரவில் விடாத வறட்டு இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், உடல் மெலிவு, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் பொடிப் புள்ளிகள். எவரும் காசநோய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சளியில் கிருமி இல்லை. ரத்தத்தை எண்ணினால் இயோசினோஃபில் அணுக்கள் மலைபோலக் குவிந்திருந்தன. கால் நூற்றாண்டாகக் காசநோயாளிகளையே பார்த்துவந்த ஒருவர், காசநோய்க்கென்றே கட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இது காசநோய் இல்லை' என்று எழுதினார். எந்தப் பழக்கம் கண்ணைக் கூர்மையாக்குகிறதோ, அதே பழக்கம்தான் கண்ணை மறைக்கவும் செய்யும். அவருக்கு மறைக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து வைன்கார்ட்டன் என்பவர் இப்படிப்பட்ட 81 நோயாளிகளை விவரித்து, 'டிராபிகல் இயோசினோஃபிலியா' என்று பெயர் வைத்தார். உன் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத்தான் பார்ப்பாய். 1940ஆம் ஆண்டுக் கட்டுரையை அவை மறந்துவிடுவது எனக்கு இன்றும் ஆறவில்லை. யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக உடம்பு காட்டும் மிகைக் கோபம்தான் இந்த நோய் என்று பிற்பாடு தெளிந்தது. யானைக்காலுக்குக் கொடுக்கும் மாத்திரைக்கே இது அடங்குகிறது. இதே நோய் வந்த என் அத்தை எட்டு மாதம் டிபி மாத்திரை தின்றாள். இருமல் நிற்கவில்லை, அதற்குள் அவள் தட்டைத் தனியே வைத்துவிட்டார்கள். மருத்துவர் ஒருவர் ரத்தத்தை எண்ணிப் பார்த்து மாத்திரையை மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. தப்பான பெயர் சூட்டினால் மருந்து மட்டுமா தப்புகிறது? அவள் தட்டு கடைசிவரை தனியாகவே இருந்தது.

கிறிஸ்டியனின் மகன் யோஹன்னஸ் ஃப்ரிமட்-மோலர் சானடோரியத்தின் வாசலைத் தாண்டினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், 1950 முதல் 1955 வரை மதனப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் எக்ஸ்ரே கருவியோடு போய், இருமாதவர்களையும் சேர்த்துப் படம் எடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1960இல் அது நூறு பக்கத்துக்கு மேல் அச்சானது. நாவல் படிப்பதுபோல அதைப் படித்திருக்கிறேன், நீயும் படி. ஒரு நுரையீரலைப் பார்ப்பவர் மருத்துவர். ஒரு வட்டாரத்தின் மூச்சையே பார்ப்பவரைச் சமூக மருத்துவர் என்கிறோம்.

அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுத்தாளர் புதுமைப்பித்தன் நினைவு வரும். 1948இல், 42 வயதில், காசநோயில் போனார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இனி உன் காற்றுக்கு வருகிறேன். 1956இல் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியம்: கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு, செவிலியர். மீதிப் பேருக்கு நெரிசலான சொந்த வீடு, அரைகுறைச் சாப்பாடு. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், அதே ஒரு வருஷம். முடிவில், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பத்தாரை ஐந்து ஆண்டு கவனித்ததில், சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சென்னைச் சந்துகளில் எந்த மலைக்காற்று வீசியது, சொல்?

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. நீ கேட்டதால்தான் இவ்வளவும் நினைவுக்கு வந்தது. பாட்டியிடம் ஒன்று மட்டும் விசாரித்து எழுது: கொள்ளுத்தாத்தா சட்டையைக் கழற்றினால் முதுகில், தோள்பட்டை எலும்பை ஒட்டி, நீளத் தழும்பு ஏதும் தெரிந்ததா?

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்