ஐந்து டன் கிரேன், இரண்டு டன் சுமை

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் என் மகன் ஹெல்பராக இருக்கிறான். "அஞ்சு டன் கிரேன்ல ரெண்டு டன்தாம்மா தூக்குறோம், பயப்படாதே" என்கிறான். நம்பலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: கிரேன் தாங்கும் அம்மா. என் கவலை, சுமையைக் கொக்கியில் மாட்டும் கம்பிக் கயிறான ஸ்லிங்கைப் பற்றித்தான். கொக்கியிலிருந்து இரண்டு ஸ்லிங்கும் நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றும் ஒரு டன் சுமக்கும். அகலமான சுமைக்குக் குட்டையான ஸ்லிங்கைப் போட்டு, அது தரைமட்டத்துக்கு 30 டிகிரி கோணத்தில் சாய்ந்துவிட்டால், ஒவ்வொன்றிலும் இரண்டு டன் இழுவிசை. அதே சுமை, அதே கிரேன்! ஒன்றரை டன் ஸ்லிங்குக்கு அது வரம்பு மீறல். கம்பி இழை பிரிந்த பழைய ஸ்லிங் என்றால் அறுந்தே போகலாம்.

சுமைக்கு நேர்மேலே கொக்கி இல்லாமல் பக்கவாட்டில் இழுத்துத் தூக்கினால், தரையை விட்ட கணமே அது ஊசலாடும். கையால் பிடித்து நிறுத்தப் போகிறவர் சுவருக்கும் சுமைக்கும் நடுவே நசுங்குவார். கயிறு கட்டி, தள்ளி நின்றே திருப்பச் சொல்லுங்கள். தொங்கும் சுமைக்குக் கீழே ஒரு நொடிகூட வேண்டாம்.

12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் கிரேனையும் ஸ்லிங்கையும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைசியாகச் சோதித்த தேதியை மகன் தயங்காமல் கேட்கட்டும். எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதிய தகடு ஸ்லிங்கில் இல்லையென்றால், அதை மாட்டாமல் சூப்பர்வைசரிடம் காட்டட்டும்.