குரல் பிறக்கும் இடம்

வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்குத் தராசைப் போலவே குரலும் ஒரு கருவியாகும். தராசைத் தினமும் துடைத்து வைக்கிறோம். குரல் எங்கிருந்து, எவ்விதம் உண்டாகிறது என்பதை மட்டும் கவனிப்பதில்லை. அதைச் சிறிது பார்ப்போம்.

மூச்சுக்குழலின் தலைப்பில் அமைந்த சிறு பெட்டியே குரல்வளை. அது குருத்தெலும்புகளால் ஆனது. முன்னால் இருப்பது கேடயம் போன்றது. ஆண்களின் கழுத்தில் புடைத்துத் தெரிவது இதுதான். அதன் கீழே கல் வைத்த மோதிரம் போன்ற ஒரு வளையம். கல் இருக்க வேண்டிய அகன்ற பக்கம் பின்னால் திரும்பியிருக்கிறது. அதன்மேல் இரு சிறு குருத்தெலும்புகள் அமர்ந்து அசைகின்றன. இவற்றிலிருந்து முன்பக்கத்துக் கேடயம் வரை ஓடும் இரு மடிப்புகளே குரல் நாண்கள். நாண் என்றதும் வீணைத் தந்தியை நினைக்க வேண்டாம். உதடுகளைப் போன்ற ஈரமான மடிப்புகள் அவை. ஆணுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு அதிலும் குறைவு.

மூச்சு விடும்போது இவை விலகி நிற்கும். பேச நினைத்ததும் நெருங்கும். கீழிருந்து வரும் காற்று தள்ளித் திறக்கும். அவை உடனே மூடிக்கொள்ளும். ஆண் பேசும்போது வினாடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண் பேசும்போது 200 தடவை அளவிலும் இது நடக்கிறது. நாண்கள் இழுபட்டு மெலிந்தால் குரல் உயரும், தளர்ந்தால் தாழும். கழுத்தில் விரலை வைத்து 'ம்' என்று சொல்லிப் பாருங்கள், அதிரும். 'ஸ்' என்றால் அதிராது.

இங்கே எழுவது வெறும் ரீங்காரம். அதை எழுத்தாக்குபவை தொண்டையும் நாவும் பல்லும் உதடும் மூக்கும். மக்ரஜ் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. ஹம்ஸா தொண்டையின் அடியிலும், ஐன் நடுவிலும், கைன் மேற்பகுதியிலும் பிறப்பதாக ஓதினோமே! அந்த ஹம்ஸா, இம்மடிப்புகள் சட்டென ஒட்டித் திறப்பதேயாகும். ஹகீம் இப்னு சீனா (980–1037) எழுத்துக்கள் பிறக்கும் விதம் பற்றித் தனி நூலே எழுதி, அதில் குரல்வளையின் அமைப்பையும் விவரித்திருக்கிறார். ஆனால் பேசும் மனிதனின் நாண்களைக் கண்ணாடி வைத்துக் கண்டு உலகுக்குச் சொன்னவர் வைத்தியர் அல்லர்; மானுவேல் கார்ஸியா என்ற பாட்டு வாத்தியார். தம் தொண்டையைத் தாமே 1854இல் பார்த்தார்.

குரல் கம்மினால் பனங்கற்கண்டு கேட்டு வருகிறார்கள். நானும் விற்கிறேன், இதமாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்குவதெல்லாம் உணவுக்குழலில் இறங்குகிறதே தவிர, நாண்களைத் தொடுவதில்லை. அவற்றுக்கு வேண்டியது ஓய்வும் நிறையத் தண்ணீரும். அடிக்கடி செருமுவது நம்மவர் பலருக்கு வழக்கம். செருமும்போதெல்லாம் இரு மடிப்புகளும் பலமாக மோதிக்கொள்கின்றன.

சளியால் வந்த கம்மல் சில நாட்களில் போய்விடும். 3 வாரத்துக்கு மேல் நின்றால், அதிலும் சிகரெட் பிடிப்பவராயின், தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். குரல்வளைப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கிய காரணம். நாணில் தோன்றினால் கம்மல்தான் முதல் அடையாளம். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குரலைக் காப்பாற்றியே குணப்படுத்தலாம். முற்றிவிட்டால் குரல்வளையையே எடுக்க நேரிடும். அதன்பின் கழுத்தில் இட்ட துளை வழியே மூச்சுவிட்டு, பேச்சை வேறு வழியில் புதிதாகப் பழக வேண்டும்.