சாயங்காலம் போட வேண்டிய பொடி

பாப்பாரப்பட்டியில் நாங்களெல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். பிள்ளைகளைக் கிணற்றில் இறக்க மனம் வராமல், தோட்டத்தில் ஒரு நீச்சல் தொட்டி கட்டினேன். 25 அடி நீளம், 15 அடி அகலம், நாலரை அடி ஆழம். ஏறக்குறைய 48,000 லிட்டர் பிடிக்கும். சித்திரை வெயிலில் பத்தே நாளில் தண்ணீர் பச்சையானது. படியில் கால் வைத்த மகள் வழுக்கி விழுந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "மயில்துத்தத்தக் கட்டிப் போடுப்பா, நெல்லு வயல்ல பாசிக்கு அதத்தான போடறோம்" என்றார். போட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் கடினமானது. அதில் துத்தத்தின் வேகம் குறைந்துவிடும். பாசி போகவில்லை, சுவரில் கறைதான் மிச்சம். அந்தத் தண்ணீரை மீன் வளர்க்கும் குட்டையில் விட்டால் மீனும் செத்துவிடும்.

அடுத்து, தினமும் காலையில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அளவைக் கூட்டியும் பலனில்லை. குளோரின் வெயிலில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாசிக்கோ அதே வெயில்தான் சாப்பாடு. சாயங்காலம் போட ஆரம்பித்த பிறகுதான் மருந்துக்கு ஒரு முழு இரவு கிடைத்தது.

என் தொட்டிக்கு ஒரு வேளைக்கு அரை கிலோ பவுடர். 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடரானால், லிட்டருக்கு 3 மில்லிகிராம் கிடைக்கும். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுவேன். மூட்டை திறந்து கிடந்தால் பவுடரின் வீரியம் போய்விடும்.

பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 8.5-ஐத் தொட்டால் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். பிளீச்சிங் பவுடரே பிஎச்சை ஏற்றும் என்பதால் வாரம் இருமுறை சோதிக்கிறேன். குறைக்க அமிலம் ஊற்றுவதானால் வேறொரு நாளில்தான். பவுடரும் அமிலமும் சேர்ந்தால் நச்சுப்புகை கிளம்பும்.

தக்காளிப் பாத்தியிலிருந்து மழைத்தண்ணீர் உரத்தோடு தொட்டிக்குள் வராதபடி வரப்பை உயர்த்தினேன். மாவிலைகளை அன்றன்றே அள்ளிவிடுகிறேன். மூலைகளையும் படிகளையும் வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்கிறேன்; தண்ணீர் சுழலாத இடத்தில்தான் பாசி முதலில் ஒட்டும்.

இப்போதும் காலையில் தொட்டிக்குப் போனதும் சுவரைத் தடவிப் பார்ப்பேன். பாசி கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.