கை பேசும் கலை

சென்னையின் தென்பகுதியில், திருவான்மியூரையும் கொட்டிவாக்கத்தையும் கடந்து சென்றால் பாலவாக்கம் என்னும் கடற்கரையூரை அடையலாம். மாடி வீடுகள் மலிந்துவிட்ட இவ்வூரில் மீனவர் குப்பமும் உண்டு. இத்தகைய குப்பங்களில் படகையோ வலையையோ பலர் கூடிக் கரைக்கு இழுக்கும்பொழுது ஒருவர் குரல் கொடுப்பார். மற்றையோர் அதனை ஏற்றுப் பாடியவாறே இழுப்பர். முதல்வரின் குரல் எழும்பொழுது எவரும் கயிற்றை ஈர்ப்பதில்லை. மூச்சை உள்வாங்கி, காலை மணலில் ஊன்றிக்கொள்கின்றனர். அதன்பின் மறுகுரல் எழும் கணத்தில் கைகள் யாவும் ஒருசேர இயங்குகின்றன. பலரைச் சேர்ந்து பாடச் செய்யும் கலைக்கும் இதுவே அடிப்படையாகும்.

பலர் கூடிப் பாடுவதைச் சேர்ந்திசை என்கிறோம். பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், குழலைப் பின்பற்றி யாழும், அதனைத் தொடர்ந்து தண்ணுமையும், பின்னர் முழவும் ஒலித்த முறையினை இளங்கோவடிகள் வகுத்துக் காட்டுகிறார். ஒரு கருவியாளர் மற்றவருக்குச் செவிகொடுத்தே அங்கு ஒருமை பிறந்தது. ஆனால் நாற்பது ஐம்பது பேர் வெவ்வேறு சுரவரிசைகளை ஒரே காலத்தில் பாடும்பொழுது செவி மட்டும் போதாது. அனைவரும் காணுமாறு ஒருவர் முன்னின்று கையசைத்தல் வேண்டும். அவரே இசை நடத்துநர். அக்கூட்டத்தில் ஓசை எழுப்பாதவர் அவர் ஒருவரே!

கையால் காலத்தை அளப்பது நமக்குப் புதியதன்று. பாணி என்னும் சொல் கையையும் குறிக்கும், தாளத்தையும் குறிக்கும். கொட்டு, அசை, தூக்கு, அளவு என அதன் உறுப்புகளைப் பிரித்து, முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை என்று பண்டையோர் கணக்கிட்டனர். ஆதி தாளத்தில் ஒரு தட்டும், சுண்டுவிரல் முதலாக மூன்று விரல் எண்ணிக்கையும், பின்னர் இருமுறை தட்டி வீசுதலும் ஆக எட்டு எண்ணிக்கை அமைவதை இசை பயிலும் சிறுவரும் அறிவர். எனினும், தொடைமேல் போடும் தாளம் பெரும்பாலும் பாடுவோர் தமக்கே போட்டுக்கொள்வது. நடத்துநரின் கையோ பிறருக்காக உயர்வது.

அக்கை செல்லும் வழி எளிது. இரண்டு எண்ணிக்கைக்குக் கீழும் மேலும். மூன்றுக்குக் கீழ், வலம், மேல். நான்குக்குக் கீழ், இடம், வலம், மேல். எவ்வகையாயினும் முதல் எண்ணிக்கை கீழ்நோக்கியே வரும். இவ்வளவையும் ஒரு நாளில் கற்றுவிடலாம். கடினமானது இதற்கு முந்தையது.

யான் ஆசிரியப் பணியில் இருந்தபொழுது, குடியரசு நாள் விழாவுக்காக மாணவர் முப்பதின்மருக்குப் பாட்டொன்று பயிற்றினேன். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக் கையை வீழ்த்தினேன். பாதிப்பேர் தொடங்கினர், மீதிப்பேர் ஒரு சொல் பிந்திச் சேர்ந்தனர். மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழவும், சிறுவர்களைக் கடிந்துகொண்டேன். அருகிருந்த இசைவாணர் ஒருவர், "ஐயா, பிழை பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் மூச்செடுக்கத் தாங்கள் இடம் தரவில்லையே" என்றார். பாட்டு எந்த விரைவில் செல்ல வேண்டுமோ அதே விரைவில் கையை முதலில் மேலே உயர்த்த வேண்டும். உயர்த்தும்பொழுது நடத்துநர் தாமும் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். அதனைக் கண்டவுடன் எதிரில் நிற்போரும் மூச்செடுப்பர். கை கீழிறங்கும்பொழுது குரல்கள் ஒன்றாய்ப் பிறக்கும். மறுமுறை அவ்வாறு செய்தேன். முப்பது குரல்களும் ஒரு குரலாயின. கடிந்துரைத்தமைக்காக அன்று நாணினேன்.

இடக்கைக்கு வேறு தொழில் உண்டு. ஒலியைப் பெருக்குதல், தணித்தல், ஒரு பிரிவினரை உள்ளழைத்தல், நீண்டு நின்ற சுரத்தை ஒருங்கே முடித்தல் ஆகியவை அதன் பணிகள். வலக்கை செய்வதையே அதுவும் செய்துகொண்டிருப்பது வீண் உழைப்பாகும். முற்காலத்து ஐரோப்பாவில் கோலால் தரையைத் தட்டிக் காலம் காட்டும் வழக்கமும் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசைவாணர் லுல்லி என்பார் 1687-இல் அவ்வாறு தட்டுகையில் தம் காலிலேயே இடித்துக்கொண்டு, அப்புண் புரையோடி இறந்தார். ஓசையின்றி நடத்துதலே நன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இக்கலையைத் தமிழ்ப் பாட்டுக்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர் எம். பி. சீனிவாசன். 1925-இல் பிறந்த இவர், 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' திரைப்படத்துக்கும், மலையாளப் படங்கள் பலவற்றுக்கும் இசையமைத்தவர். திரைப்பட இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் காண உழைத்தவரும் ஆவார். 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தார். ஒரே மெட்டை எல்லோரும் பாடுவதே நம் கூட்டுப்பாட்டின் பொது வழக்கம். இவரோ பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும், ஒரு பிரிவினர் உயர்ந்த குரலிலும் ஒரு பிரிவினர் தாழ்ந்த குரலிலும் வெவ்வேறு சுரங்களில் பாடி இணையுமாறு அமைத்தார். மெட்டின் இந்திய இயல்பு கெடாமல் அதனைச் செய்ததே அரிய செயல்.

அக்குழுவில் பாடியவர்களுள் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பிற பணிகளுக்கிடையே வந்து பயின்றவர்கள். இத்தகையோர்க்கு நடத்துநரின் கையே ஏடும் எழுத்தும் ஆகிவிடுகிறது. அது தயங்கினால் அத்தனை குரல்களும் தயங்கும். சீனிவாசன் 1988-இல் இலட்சத்தீவில் மறைந்தார். அவரிடம் பயின்றவர்கள் அதற்குப் பின்னும் கூடிப் பாடிவந்தனர்.