பொடிக்குப் போகும் பெருமை

அன்புள்ள யாழினி,

அப்பாவுக்கு சுகர் பார்டரில் இருக்கிறதென்று டாக்டர் சொன்ன அன்றே சிறுகுறிஞ்சான் பொடி பற்றிய வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "இது கேட்குமா சித்தி?" என்று கேட்டிருந்தாய். பார்டரில் இருந்த ஒருவர் மூன்று வருடம் பொடி சாப்பிட்டாராம், சர்க்கரை நோய் வரவே இல்லையாம். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் பொடி கேட்கும் என்று சொல்ல அவர் அனுபவம் மட்டும் போதாது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அப்பாவைப் போலவே பார்டரில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும், இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மூன்று ஆண்டில் அந்த நான்காவது குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரைக் குழுவிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது நான்காவது குழுவில் மிச்சமிருக்கும் 45 பேரைப் பார். விசேஷமாக எதுவும் செய்யாமலே தப்பித்தவர்கள். அவர்களில் யாராவது தினம் காலையில் பொடி சாப்பிட்டிருந்தால், சத்தியம் செய்து ஊருக்கே சிபாரிசு செய்திருப்பார். உனக்கு வந்த செய்தியை எழுதியவர் அந்த 45-இல் ஒருவரா, பொடியால் தப்பித்தவரா? அவருக்கே தெரிய வழியில்லை. பொடி சாப்பிடாத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நடைக் குழுவினர் அப்படியொன்றும் மலையைப் புரட்டவில்லை. தினம் அரை மணி வேகநடை, சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைவு, நார்ச்சத்து கூடுதல். ஏற்கெனவே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். எடைகூடப் பெரிதாகக் குறையவில்லை, பலன் மட்டும் கிடைத்தது. அதனால் ஜிம்மில் சேரச் சொல்லி அப்பாவை விரட்டாதே. ஒழுங்காக நடந்தும் நோய் வந்தால் திட்டவும் திட்டாதே; அந்த 39 பேரும் நடக்கச் சொல்லப்பட்டவர்கள்தான்.

வீட்டு வைத்தியங்களில் வெந்தயத்துக்குச் சில சிறிய ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன. சமையலில் தாராளமாகச் சேர்க்கட்டும். சிறுகுறிஞ்சான் பொடியை அப்பா விடமாட்டேன் என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். பின்னால் சுகர் மாத்திரை தொடங்கினால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். அப்போது கை நடுங்கும், வியர்க்கும். வீட்டில் உனக்கும் அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
சித்தி