கார்டை முழுசாக இறக்குங்கள்

ராசிங்காபுரத்தில் விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "கேமராவில் ஒழுங்காக ஓடுகிற படம், மிக்சிங் பண்ண உட்கார்ந்தால் தகராறு பண்ணுகிறது. நடுநடுவே வெட்டுகிறது, சில கிளிப்பில் சத்தமே இல்லை. கேமராவை மாற்றணுமா, கம்ப்யூட்டரை மாற்றணுமா?"

பர்ஸை உள்ளே வையுங்கள் தம்பி. கார்டிலிருந்து இறக்கிய விதத்தை முதலில் பார்ப்போம்.

கார்டைத் திறந்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், பெரிதாகத் தெரிந்த எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டிருப்பீர்கள். நானும் அப்படிச் செய்து, கெட்டிமேளத்தின் நடுவே அரை நொடியைத் தொலைத்தவன்தான். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில், படம் 'ஸ்ட்ரீம்' என்ற ஃபோல்டரில் இருக்கும். எந்தத் துண்டுக்கு அடுத்தது எது என்ற கணக்கோ பக்கத்து ஃபோல்டர்களில், குட்டிக் குட்டி ஃபைல்களில் இருக்கும். 32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக ஃபேட்32 முறையில் இயங்குபவை. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. நிறுத்தாமல் எடுத்த முகூர்த்தத்தைக் கேமராவே துண்டு போட்டுவிடும். துண்டை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவந்தால், ஒட்டுகிற இடத்தில் வெட்டத்தான் செய்யும்.

அதனால் 'பிரைவேட்', 'டிசிஐஎம்' எது இருந்தாலும் கார்டில் உள்ளதை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு இறக்குங்கள். பிரீமியர் என்றால் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே எடுங்கள். துண்டுகளை அதுவே சேர்த்துக்கொள்ளும். நேரம் மிச்சம் என்று வேண்டாத ஷாட்டைக் கார்டிலேயே அழிக்கிற பழக்கமும் வேண்டாம். ஏலக்காயைச் செடியில் வைத்தா சல்லடை போடுகிறோம்? காய்ந்து வந்த பிறகுதானே 8 மில்லி, 7 மில்லி என்று தரம் பிரிக்கிறோம்.

ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் கட்டாயம். சோனி கேமராக்கள் பலவற்றில் எந்தக் கார்டிலும் முதல் கிளிப் சி0001 என்றே தொடங்கும். இரண்டு கார்டை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் மாப்பிள்ளை அழைப்பின் மேல் வரவேற்பு உட்கார்ந்துவிடும். தேதி, கேமரா, கார்டு எண் என்று பெயர் வையுங்கள், அதுவும் ஆங்கில எழுத்தில். பழைய சாஃப்ட்வேர் சில, தமிழ்ப் பெயரைக் கண்டால் தடுமாறும். வருத்தம்தான், என்ன செய்வது.

100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இறக்க நேரம் பிடிக்கும். காப்பி ஓடும்போது கரண்ட் போனால் கடைசி ஃபைல் அரைகுறையாக நிற்கும். முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் சரிதானா என்று பாருங்கள். இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி வந்த பிறகே ஃபார்மேட், அதையும் கேமராவிலேயே.

சத்தம் வராததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஏவிசிஎச்டியின் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி3. சில விண்டோஸ் பதிப்புகளும் சில சாஃப்ட்வேரும் அதை வாசிக்காது. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிசிஎம் ஆக மாற்றிக்கொள்ளலாம். சொந்தக்காரர் போனில் எடுத்துக் கொடுத்ததில் பேச்சும் உதடும் போகப்போக விலகினால், அது நொடிக்கு நொடி ஃப்ரேம் எண்ணிக்கை மாறுகிற கோளாறு. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நொடிக்கு நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள்.

புதுக் கேமராவின் 10-பிட் எச்.265 திக்கித் திக்கி ஓடுவது கோப்பின் குற்றமல்ல. பழைய கம்ப்யூட்டரால் அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவுதான். எடிட்டுக்கு மட்டும் சின்ன அளவில் பிராக்ஸி, அதாவது மாற்றுப் பிரதி, போட்டுக்கொண்டால் போதும்.

கார்டை உருவும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். போடிமெட்டு மலைக் குளிரில் எடுத்துவிட்டு வெயிலுக்கு இறங்கினால், பையை அரை மணி நேரம் மூடியே வையுங்கள். ஈரம் கோத்த கேமராவைத் திறந்து கார்டை உருவாதீர்கள்.

இப்போது கையில் உள்ள கல்யாணத்துக்கு வருவோம். கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால் முதலிலிருந்து முழுசாக இறக்குங்கள். ஃபார்மேட் பண்ணிவிட்டீர்களா? அதில் இனி ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அழிந்ததை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளைப் போட்டுத் தேடுங்கள். கொஞ்சமாவது கிடைக்கலாம்.