குடியை விட்ட பின் உடம்பின் எடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, கொழுப்பில் 9. கலோரிக் கணக்கில் கொழுப்புக்கு அடுத்த இடம் மதுவுக்குத்தான். தமிழ்நாட்டில் ‘குவார்ட்டர்’ எனப்படும் 180 மி.லி. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் அது ஏறத்தாழ 61 கிராம், கலோரியில் சுமார் 430, அதாவது ஏழெட்டு இட்லிக்குச் சமம். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள், குடியை விட்டால் உடம்பு தானே இளைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். வற்றிப்போன குடிகாரர்களையே பார்த்துப் பழகியவர்கள், மதுவால் உடம்பு பெருக்காது என்கிறார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போனால் எடை மட்டுமல்ல, சில சமயம் உயிரும் சிக்கலாகும்.

நம்பிக்கை 1: பியர் குடித்தால்தான் தொப்பை விழும்; பிராந்தி, விஸ்கிக்கு விழாது.

உண்மை: 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மி.லி. பியரில், அதன் மாவுப்பொருளையும் சேர்த்து, சுமார் 270 கலோரி. இது குவார்ட்டரைவிடக் குறைவு. 8 சதவீத ஸ்ட்ராங் பியர்தான் குவார்ட்டரை நெருங்குகிறது. பிராந்தியிலும் விஸ்கியிலும் சர்க்கரை பெயரளவுக்குத்தான் இருக்கும் என்பது சரியே. ஆனால் அவற்றின் கலோரி சர்க்கரையிலிருந்து வருவதில்லை, ஆல்கஹாலிலிருந்து வருகிறது.

ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடமில்லை. கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதை எரிக்கத் தொடங்குகிறது. வேகம் மணிக்கு 7 முதல் 10 கிராம். ஒரு குவார்ட்டர் தீர ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவரை கொழுப்பு எரிவது மந்தப்படுகிறது. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், அன்றாட உணவில் ஆல்கஹாலைச் சேர்த்தபோது உடம்பு கொழுப்பை எரிக்கும் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தட்டில் சைட் டிஷ் வந்து சேர்கிறது. சிக்கன் 65, பஜ்ஜி, ஆம்லெட், மிக்சர் எல்லாம் எண்ணெய்ப் பண்டங்கள். வறுத்த வேர்க்கடலை மட்டுமே 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல். எரியாத எண்ணெய் வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. தொப்பையைப் பொறுத்தவரை பியரும் பிராந்தியும் ஒன்றுதான்.

நம்பிக்கை 2: குடியை நிறுத்தினாலே மாதம் இரண்டு கிலோ இறங்கிவிடும்.

உண்மை: காகிதத்தில் இது ஓரளவு சரிதான். தினம் ஒரு குவார்ட்டர் குறைந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 12,900 கலோரி மிச்சம். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால் 1.7 கிலோ இறங்க வேண்டும். நடைமுறையில் பலருக்கு இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவும் செய்கிறது.

முதற்காரணம் டீக்கடை. குடியை விட்டவரின் கையும் வாயும் சும்மா இருக்க மறுக்கின்றன. காலையில் இரண்டு டீ குடித்தவர் இப்போது ஆறு டீ குடிக்கிறார். ஒரு கிளாசில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, அரைக் கிளாஸ் பால் 35 கலோரி, ஆக 75. கூடுதலான நான்கு கிளாசுக்கு 300. விட்ட குவார்ட்டரில் பெரும்பங்கு டீக்கடை வழியே திரும்பி வந்துவிடுகிறது. தொட்டுக்கொள்ளும் பட்டர் பிஸ்கட்டும் பருப்பு வடையும் தனிக் கணக்கு.

இரண்டாவது, பசி. வயிற்றுப்புண் ஆறுகிறது, நாக்கில் ருசி திரும்புகிறது, இரவு நேரத்துக்குச் சாப்பாடு அமைகிறது. சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடித்தவர்களுக்கு இது நல்ல மாற்றம்.

மூன்றாவது, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு மதுவின் 7 கலோரியும் முழுதாக உடம்பில் ஒட்டுவதில்லை. நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் லீபர் 1970-களில் இதைக் காட்டினார். உணவின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு ஆல்கஹால் கொடுத்தபோது எடை குறைந்தது. மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரலில் வேறொரு நொதி வழி முடுக்கம் பெற்று, ஆற்றலில் ஒரு பங்கை வெறும் வெப்பமாக்கி வீணாக்குகிறது. வற்றிய குடிகாரர்களின் கதை இதுதான். அவர்கள் குடியை விட்டபின் எடை கூடுவது இயல்பு, கூடவும் வேண்டும்.

நம்பிக்கை 3: குடியை விட்ட கையோடு டயட்டையும் தொடங்கிவிட வேண்டும்.

உண்மை: முதல் ஓரிரு வாரத்தில் இது ஆபத்து. தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் தொடங்கலாம். இத்தகையவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் பட்டினி சேர்ந்தால் சர்க்கரை அளவு சரியலாம். ஏனெனில் மது, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதைத் தடுக்கிறது, சாப்பிடாதவரின் கையிருப்பும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய பள்ளம் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாடு. தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடம் அந்தக் குறைபாட்டால் வரும் பெரிபெரி நோய் காணப்பட்டதையும் புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பியதையும் பிரிட்டிஷ் காலத்தில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர் ஆராய்ந்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. ஆனால் மிகுதியாகக் குடிப்பவரைப் புழுங்கலரிசியும் காப்பாற்றாது. குடல் தயமினை உறிஞ்சுவதை மது தடுக்கிறது, பல வேளை சோறே உள்ளே போவதுமில்லை. தயமின் வற்றினால் நடை தள்ளாடும், கண் பார்வை இரட்டையாகும், புத்தி குழம்பும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்த நோயைப் பார்ப்பவர்கள் ‘போதை இன்னும் தெளியவில்லை’ என்று விட்டுவிடுவதுண்டு. தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகலாம். அதனால்தான் மருத்துவமனைகளில் பி1 ஊசியை முதலில் போடுகிறார்கள். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்’ என்று தெருமுனை கிளினிக்கோடு நிறுத்திக்கொள்வது இதனாலேயே தவறு.

நெடுநாள் சரியாகச் சாப்பிடாதவருக்குத் திடீரென்று பெருவிருந்து வைப்பதும் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்தைத் தாக்கலாம். கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம், மோர், முட்டை எனச் சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுப்பதே முறை.

நம்பிக்கை 4: இனிப்பைத் தொடவே கூடாது.

உண்மை: முதல் சில மாதங்களில் இனிப்பு நாட்டம் பலருக்கும் வருகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், குடிக்கத் தோன்றும்போது இனிப்பாக எதையாவது சாப்பிடும்படி தன் உறுப்பினர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும் குடிக்கு இழுத்துச் செல்லும் என்பது அங்கு பாலபாடம். நான்கில் ஒன்றாகப் பசி நிற்பது சும்மா இல்லை. வெறும் வயிற்றின் தவிப்பும் மதுவுக்கான தவிப்பும் ஒன்றுபோலவே தோன்றும்.

மாலை ஆறு மணி இதற்குச் சோதனை நேரம். வேலை முடிந்து, வழக்கமாகக் கடைப்பக்கம் கால் திரும்பும் வேளை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவரின் வயிறு அப்போது காலியாக இருக்கும். ஐந்தரைக்கே ஒரு கிண்ணம் சுண்டலோ, வாழைப்பழமோ, ஒரு கடலை மிட்டாயோ உள்ளே போனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கடப்பது எளிதாகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சுண்டலே உத்தமம். மிட்டாயோ பழமோ வேண்டுமென்றால் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் இனிப்பு குறையவில்லை என்றால் அப்போது குறைக்கத் தொடங்கலாம். ஒரே வாரத்தில் மதுவையும் சர்க்கரையையும் சேர்த்து விடுகிறேன் என்று கிளம்புபவர், இரண்டு விலக்கையும் தொடர முடியாமல் மதுவிடமே திரும்பிவிடக்கூடும்.

நம்பிக்கை 5: எடை கூடினால் கொழுப்பு கூடுகிறது, குறைந்தால் உடம்பு தேறுகிறது.

உண்மை: எடைபோடும் கருவிக்குச் சதை, கொழுப்பு, நீர் என்ற வேறுபாடு தெரியாது. மது தசையைக் கரைக்கிறது. விட்டபின் தொடையிலும் தோளிலும் சதை பிடிப்பது எடையைக் கூட்டும், அது ஆரோக்கியம். கொழுப்பை அறிய இடுப்புச் சுற்றளவே மேல். இந்தியர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எடை ஏறி இடுப்பளவு இறங்கினால் கவலைக்கு இடமில்லை.

மாறாக, கையும் முகமும் வற்றி வயிறு மட்டும் புடைத்து வருமானால் அதைத் தொப்பை என்று நினைத்துவிடக் கூடாது. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். பழைய வைத்திய நூல்களில் இது மகோதரம். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்புவது உடன்வரும் அடையாளம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. சில நாட்களில் இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. இதற்கு மருத்துவர் தேவை. ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்புப் பண்டங்களைக் குறைக்கவும் வேண்டும்.

நம்பிக்கை 6: கல்லீரல் கெட்டவர் முட்டை, பருப்பு, இறைச்சியை ஒதுக்க வேண்டும்.

உண்மை: ஒருகாலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னார்கள். இப்போதைய வழிகாட்டல் நேர்மாறானது. கல்லீரல் இறுகியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் என்று எண்ணிப் பார்த்தால், இரசமும் சோறுமாகப் ‘பத்தியம்’ இருப்பவர் பாதியைக்கூட எட்டுவதில்லை என்பது விளங்கும். நோயுற்ற கல்லீரலால் சர்க்கரையைப் போதிய அளவு சேமிக்க முடியாது. எனவே இரவுப் பட்டினி நீண்டால் உடம்பு தசையை உடைத்து எரிக்கிறது. படுக்கப்போகும் முன் பாலும் இரண்டு ரொட்டித் துண்டும் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை 7: கீழாநெல்லியும் டீடாக்ஸ் சாறுகளும் கல்லீரலைக் கழுவிக் கொழுப்பை இறக்கும்.

உண்மை: கீழாநெல்லியின் புகழுக்குப் பின்னால் ஓர் ஆய்வும் உண்டு. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் நடத்திய அந்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அது ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது, மதுவால் கெட்ட கல்லீரலைப் பற்றியதல்ல. பிற இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவுமில்லை. மதுவால் கல்லீரலில் படிந்த வெறும் கொழுப்பு, மதுவை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே கரைகிறது. அந்த வாரங்களில் குடித்த சாறு பெயரைத் தட்டிச்செல்கிறது.

பசிக்காக அரிஷ்டம் வாங்கிக் குடிப்பதில் வேறு சிக்கல். புளிக்கவைத்துச் செய்வதால் அதில் ஆல்கஹால் உண்டு. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும் நிலையை உண்டாக்கும்.

நம்பிக்கை 8: எடையை ஏற்றுவது மாத்திரைகள்தான், அவற்றை நிறுத்தினால் இளைத்துவிடலாம்.

உண்மை: குடியை விட்டவர்களுக்குத் தரப்படும் மனநல மருந்துகளில் மிர்டாசபின், ஒலான்சபின், சோடியம் வால்புரோயேட் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவையே. எல்லா மருந்தும் அப்படியல்ல. டோபிராமேட் குறைக்கவும் செய்யும். மருந்தை மாற்றுவது மருத்துவரின் வேலை. தானாக நிறுத்துபவருக்கு எடை இறங்குவதற்கு முன் குடி திரும்பிவிடக்கூடும்.

எடைக்கு இப்படி ஒரு வரிசை உண்டு. முதல் இரண்டு வாரம் தயமின், தண்ணீர், சிறு சிறு உணவு, உறக்கம். மூன்றாம் மாதம்வரை வேளை தவறாத சாப்பாடு, போதிய புரதம், மாலைச் சிற்றுண்டி. எடை இரண்டு மூன்று கிலோ கூடினாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதன் பிறகே குறைப்பு. டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூனாகும், அப்புறம் அரை ஸ்பூனாகும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. அதை மாலை ஆறு மணிக்கே வைத்துக்கொண்டால் ஒரே நடையில் இரண்டு வேலை முடியும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். கல்லீரல் இறுக்கமோ வயிற்றில் நீரோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வரக்கூடாது.